விண்ணை விரிப்பது எது?

வலையபட்டி இருட்டில் தூரத்து விளக்கு மங்கலாகத் தெரியும். விளக்கின் உண்மையான வெளிச்சம் தெரிந்தால் தூரத்தைக் கணக்கிடலாம்.

வானத்திலும் அத்தகைய விளக்கு உண்டு! 'வெள்ளைக் குள்ளன்' என்னும் நட்சத்திரத்தின் எடைக்கு எல்லை உண்டு என்று 1930-ல் கணக்கிட்டவர், சென்னையில் படித்த சந்திரசேகர். அப்போது வயது 19. பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை இழுத்து எல்லையை நெருங்கினால், குள்ளன் வெடித்துச் சிதறும். இந்த வெடிப்புகளின் ஒளி ஏறக்குறைய ஒரே அளவு.

அண்டம் விரியும் வேகம் குறைகிறது என்றே விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். 1998-ல் திடுக்கிட்டார்கள். வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கல்! அதாவது, தூரம் அதிகம். வேகம் கூடுகிறது! கூட்டும் சக்திக்கு 'இருண்ட சக்தி' என்று பெயர்.

அதை யாரும் கண்டதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கி 1 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரக் கூட்டங்களை அளந்தது. அந்தச் சக்தி குறைந்து வரலாம் என்று 2025-ல் அறிகுறி கிடைத்தது. முடிவு இன்னும் வரவில்லை. அளவுதான் தீர்ப்புச் சொல்லும்!