புளியாரையை ஒழிப்பது எப்படி?



நம்ம பள்ளிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி இருக்கும் அருகம்புல் தரையில் இப்போ பாதி புல், பாதி புளியாரை. மூன்று இதய வடிவ இலை, சின்ன மஞ்சள் பூ. இதை ஆரைக்கீரைன்னு பலர் நினைக்கிறாங்க. அது வேற. ஆரைக்கீரைக்கு நாலு இலை, பூவே பூக்காது. அது பெரணி வகை, வயல் வரப்பில் ஈரத்தில் வளரும். புளியாரையின் அறிவியல் பெயர் ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா. இலையில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால்தான் புளிக்குது.

இது ஏன் ஒழியவே மாட்டேங்குது? தண்டு தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். மேலே பிய்த்தால் கணு மண்ணிலேயே இருந்து மறுபடி துளிர்க்கும். காய் குட்டி வெண்டைக்காய் மாதிரி நேரா நிற்கும். முற்றிய காயைத் தொட்டுப் பாருங்க, பட்டுன்னு வெடித்து விதை சில அடி தூரம் தெறிக்கும். (தொடுவது ஜாலிதான், ஆனா நாமே விதைத்த மாதிரி ஆயிடும்!)

ஆண்டு விழாவுக்குள் மருந்து அடித்துவிடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகள் இன்டர்வெல்லில் இந்த இலையைத்தான் பறித்துத் தின்கிறாங்க. மருந்து அடித்த இலைன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? மேலும் கிளைபோசேட் அடித்தால் புல்லும் சேர்ந்து கருகும். 2,4-டி புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். ஆனா காற்றில் பறந்து பக்கத்துப் பாத்தித் தக்காளி மேல் பட்டால் இலை சுருண்டு போகும். மண்ணுக்குள் கிடக்கும் விதையோ அப்படியே இருக்கும்.

கையால் எடுப்பதே நல்லது. மழை பெய்த மறுநாள், அல்லது தண்ணீர் விட்டு ஊறிய பிறகு, களைக்கொத்தால் நடுவேரோடு நெம்பணும். பிறகு படர்ந்த தண்டை ஒவ்வொரு கணுவாகத் தூக்கணும். பூ இருக்கும்போதே எடுத்துடணும், காய் முற்ற விடக்கூடாது. பிடுங்கியதை எருக்குழியில் போடாதீங்க, விதை எருவோடு திரும்பி வந்துடும். இரண்டு மூன்று வாரத்தில் புதுசா முளைக்கும், அதையும் எடுக்கணும். ஒரே தடவையில் முடியாது.

புல்லை ஒட்ட அறுப்பதையும் நிறுத்தணும். புளியாரை தரையோடு கிடப்பதால் அரிவாளுக்குத் தப்பிவிடும், வெயில் முழுக்க அதுக்குத்தான் கிடைக்கும். புல் இரண்டு அங்குலம் இருந்தால் நிழலில் அது மெலியும். பூச்செடிப் பாத்தியில் வேப்பஞ்சருகை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடலாம். அதன் விதை முளைக்க வெளிச்சம் வேணும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் கொடிக்கம்பத்தின் கிழக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கிறோம். களைக்கொத்து நாலுதான் இருக்கு. வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாங்க, கிழியாத சாக்கு ஒன்றும் வேணும்.