லே மணலில் இறங்கிய டகோட்டா

1948 மே 24. காஷ்மீர்ப் போரில் லடாக்கின் லே நகரை எதிரிப்படை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிச் சென்று, சிந்து நதிக்கரை மணல் தளத்தில் டகோட்டா விமானத்தை இறக்கினார். இதில் என்ன அருமை என்கிறீர்களா?

இரண்டாம் உலகப் போரின் சரக்கு விமானம் டகோட்டா. 1944இல் நார்மண்டியில் பாராசூட் வீரர்களை இறக்கியது. அசாமிலிருந்து மலைகளைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள் சுமந்தது. 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகருக்கு வீரர்களைக் கொண்டு சென்றதும் இதுவே.

ஆனால் லே 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதமே. இறக்கையின் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: அதே எடையைத் தாங்க, வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். இயக்க ஆற்றலோ 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அத்தனையையும் அந்த மணலிலேயே தணித்து நிற்க வேண்டும்!

கைகொடுத்தது எது? 90 சதுர மீட்டருக்கும் அதிகமான இறக்கைப் பரப்பு. பரப்பு பெரிதானால் குறைந்த வேகமே போதுமல்லவா? அடுத்து வந்த டகோட்டாக்கள் வீரர்களை இறக்கின, லே காப்பாற்றப்பட்டது.