ஆறாத கரி: ஜனவரி 1 முதல் கன்டெய்னருக்குள் என்ன மாறுகிறது?

தேங்காய்த் தொட்டிக்கரி ஏற்றுமதி பற்றி இரண்டு வாரமாகக் கடிதம் வந்தபடி இருக்கிறது. காங்கயம் பக்கத்து வாசகர் ஒருவர், "தூத்துக்குடி வழியா வருஷக்கணக்கா அனுப்புறோம். லேப் சர்டிபிகேட் இருக்கு. இப்ப திடீர்னு அபாயச் சரக்குன்னா எப்படி?" என்று கேட்கிறார். இன்னொருவருக்கு வேறு சந்தேகம்: கரி ஏற்கெனவே எரிந்து அணைந்த பொருள்தானே, அதில் பற்றிக்கொள்ள என்ன மிச்சம்? முதல் கேள்விக்கான விடை இந்த இரண்டாவது கேள்விக்குள் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தேதி விவரம் சுருக்கமாக: கடல்வழி அபாயச் சரக்குகளுக்கான ஐஎம்டிஜி விதித்தொகுப்பின் 42ஆவது திருத்தம் 2025 முழுக்க விருப்பத்தின்பேரில் நடைமுறையில் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். ஐ.நா. எண் 1361 கொண்ட கரிக்கு இதுவரை ஒரு விலக்கு இருந்தது. ஆய்வகச் சோதனையில் தேறிய கரியைச் சாதாரணச் சரக்காகவே ஏற்றலாம். லேபிள் வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். அந்த விலக்கைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள்.

சோதனையில் தேறிய பொருளை ஏன் நம்ப மறுக்கிறார்கள்? இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவர் சாயங்காலம் பெட்டியிலுள்ள கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்ததும் சாக்கில் அள்ளிப் போடமாட்டார். தகரத்தில் பரப்பிவிட்டுப் போவார். மறுநாள் காலையில்தான் சாக்கு. ஒருநாள் அவசரத்தில் அப்படியே கட்டி வைத்துவிட்டார். காலையில் சாக்கின் அடியில் கையகல ஓட்டை, உள்ளே பாதி சாம்பல். ஏதோ ஒரு துண்டுக்குள் கங்கு மிச்சம் இருந்திருக்கிறது. கப்பலில் நடப்பது இதைவிடப் பொல்லாதது. கங்கே இல்லாத கரியும் தானாகச் சூடேறும். புதிதாகச் சுட்ட கரியின் நுண்துளைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துப் பிடிக்கும். பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சூடு வெளிவரும். அந்தச் சூடு வெளியேறிவிட்டால் தொல்லையில்லை. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் கரி மேலும் சூடாகும். சூடு ஏற ஏற ஆக்சிஜனை இன்னும் வேகமாக இழுக்கும். கடைசியில் பற்றிக்கொள்ளும்.

சூடு வெளியேறுமா என்பதைத் தீர்மானிப்பது குவியலின் அளவு. கல்யாண வீட்டில் புளியோதரைக்குச் சோறு வடித்தவர்களுக்கு இது தெரியும். தட்டில் போட்ட ஒரு கரண்டிச் சோறு பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். அண்டாச் சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்பாவிட்டால் நடுவில் கை வைக்க முடியாது. சூடு இருப்பது முழுக் குவியலிலும். அது வெளியேறுவது மேற்பரப்பு வழியாக மட்டும்.

பழைய விலக்குக்கு அடிப்படையான என்.4 சோதனை இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. 10 செ.மீ. கனசதுரக் கம்பிவலைக் கூடையில் கரியை நிரப்பி, 140 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைப்பார்கள். கரியின் சூடு 200 டிகிரியைத் தாண்டினால் தேறவில்லை. 140 எங்கிருந்து வந்தது? பக்கத்துக்கு 3 மீட்டராக, 27 கன மீட்டர் கரியைக் குவித்தால் 50 டிகிரியிலேயே அது தானாகத் தீப்பிடிக்கும் என்பதே இந்தச் சோதனையின் அளவுகோல். சின்னக் கூடையோடு ஒப்பிட்டால் அந்தப் பெருங்குவியலில் கரி 27,000 மடங்கு. சூடு வெளியேறும் பரப்போ 900 மடங்குதான். குவியல் சிறுத்ததால் விட்டுப்போன ஆபத்தை அடுப்பின் சூட்டைக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கூடைக்குள் போவது ஏற்றுமதியாளர் கொடுத்தனுப்பும் ஒரு படிக் கரி. கன்டெய்னருக்குள் போவது பல குழிகளில், பல கைகளில், பல நாள்களில் வெந்த கரி. ஒன்று நன்றாக வெந்தது, ஒன்று அரைவேக்காடு, ஒன்றில் தூள் அதிகம். அளவையும் பாருங்கள்: 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அளவுகோலாக எடுத்த குவியலைவிடவே பெரிது.

விளைவு கடலில் தெரிந்தது. கப்பல் நிறுவனங்களின் விபத்துப் பதிவு அமைப்பான சின்ஸ், 2015 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை கரிச் சரக்கால் கன்டெய்னர் கப்பல்களில் குறைந்தது 68 தீ விபத்துகள் நடந்ததாகக் கணக்குக் கொடுத்திருக்கிறது. கொழும்பிலிருந்து சூயஸ் வழியாக ஹாலிஃபாக்ஸ் போன யான்டியன் எக்ஸ்பிரஸ், 2019 ஜனவரி 3 அன்று அட்லான்டிக் நடுவே தீப்பிடித்தது. ஒரு கன்டெய்னரில் இருந்த தேங்காய்க் கரியே பெரும்பாலும் காரணம் என்றது ஜெர்மன் விசாரணை. அந்தக் கன்டெய்னரின் காகிதத்தில் கரி என்ற சொல்லே கிடையாது. 'தேங்காய் உருண்டைகள்' என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பெட்டிக்குள் நெருப்பு உட்கார்ந்திருக்கிறது என்பது மாலுமிகளுக்குத் தெரியாமலே போனது. இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சரக்கின் பெயரை மாற்றி எழுதியவர் கரையில் இருப்பார். அணைக்கப் போகிறவர் கடலில் இருப்பார்.

இனி என்ன செய்ய வேண்டும்? சுட்ட கரியைப் பொதுவாக 14 நாள் காற்றாட ஆறவிட வேண்டும். மூட்டை கட்டும் நாளில் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. கன்டெய்னர் கூரைக்கும் சரக்குக்கும் நடுவே குறைந்தது 30 செ.மீ. இடைவெளி வேண்டும். அடுக்கு 1.5 மீட்டர் உயரத்துக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் 16 கன மீட்டருக்கு மிகாத தொகுதிகளாகப் பிரித்து, நடுவே கட்டை கொடுத்து 15 செ.மீ. சந்து விட வேண்டும். இந்த 16 எதற்கென்று இப்போது புரியும்: அண்டாச் சோற்றைப் பாயில் பரப்புகிற அதே வேலை. தயாரித்த தேதி, மூட்டை கட்டிய தேதி, அன்றைய சூடு மூன்றையும் ஆவணத்தில் எழுத வேண்டும். வெளியே நான்கு பக்கமும் மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி சிவப்பு வில்லை. கரி எது என்று தெரிந்துவிடுவதால், கப்பலில் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டிகளிலிருந்தும் ஆக்சிஜனேற்றிச் சரக்குகளிலிருந்தும் அதை விலக்கி வைக்க முடியும்.

'பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டது' என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'தயாரித்த தேதி' என்றால் எந்தத் தேதி? குழியில் சுட்டவர் ஒருவர், வாங்கிச் சேர்த்தவர் ஒருவர், சலித்து அனுப்புகிறவர் ஒருவர். முப்பது குழிக் கரி ஒரே கிடங்கில் கலந்த பிறகு, கடைசியாக வந்த லோடின் தேதியை எழுதினால்தான் 14 நாளுக்கு அர்த்தம். முதல் லோடின் தேதியை எழுதினாலும் காகிதம் சரியாகத்தான் தெரியும். சூடும் அப்படியே. மூட்டையின் வெளிப்புறத்தில் வெப்பமானித் துப்பாக்கியைக் காட்டினால் 36 காட்டும். நடுவில் கம்பி செருகிப் பார்த்தால் வேறு எண் வரலாம். அளப்பதும் எழுதுவதும் அனுப்புகிறவரே.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பழைய லேப் சான்று செல்லுமா? விலக்கு வாங்க உதவாது.

ஹூக்கா கட்டி, பார்பிக்யூ கரிப் பைகள்? அவையும் கரிதான், அறிவிக்க வேண்டும்.

ஆக்டிவேட்டட் கார்பன்? அதற்குத் தனி எண், 1362. அந்தப் பதிவைத் தனியாகப் பாருங்கள்.

செலவு கூடுமா? கூடும், ஒரு பெட்டிக்குள் அடங்கும் கரி குறையும்.

தண்ணீர் ஊற்றி அணைத்த கரிக்கும் 14 நாளா? தண்ணீர் கங்கை அணைக்கும். கரி ஆக்சிஜனை இழுப்பதை அது முடித்து வைக்காது. எண்ணத் தொடங்குங்கள்.