முள் காட்டும் வேகம், கணக்கில் வரும் வேகம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பேருந்து நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ நான்கால் வகுத்தால் மணிக்கு 37.5 கிலோமீட்டர். பதினோராம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டதும் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “என்ன மிஸ், மரக்காணம் தாண்டினா பஸ் பறக்குமே, வெறும் முப்பத்தேழா?” என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி, கணக்கும் சரி. ஒரே பயணத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இயற்பியலில் பாதி பயம் போய்விடும் என்பது, இந்த ஊரில் பல வருடங்களாக அந்தப் பாடத்தை நடத்திவரும் என் அனுபவம்.

மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது சராசரி வேகம். கோட்டக்குப்பம் நெரிசலில் ஊர்ந்தது, மாமல்லபுரத்தில் ஆள் ஏற்ற நின்றது, வெறிச்சோடிய சாலையில் எண்பதில் ஓடியது எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் கரைந்துபோகும். ஓட்டுநரின் எதிரே இருக்கும் முள் காட்டுவது வேறு. இதோ, இந்தக் கணத்தில் வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை அது சொல்கிறது. அது கணநேர வேகம்.

சராசரியிலேயே ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. விழுப்புரம் 40 கிலோமீட்டர். போகும்போது 60-ல் போய், வரும்போது 30-ல் வந்தால் சராசரி எவ்வளவு? வகுப்பே 45 என்று கை தூக்கும். போக 40 நிமிடம், வர 80 நிமிடம். ஆக இரண்டு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர். சராசரி 40தான். மெதுவாக வந்த நேரம் இரண்டு மடங்கு என்பதால் அது எண்ணைக் கீழே இழுத்துவிடுகிறது.

கணநேர வேகத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒரு கணத்தில் நேரமே ஓடவில்லை; நேரம் ஓடாதபோது தூரமும் இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அதனால் அளக்கும் துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும். 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். சராசரி மணிக்கு 37.6 கிலோமீட்டர். நம் சென்னைப் பேருந்தின் சராசரியும் ஏறக்குறைய அதுவே! பத்துப் பத்து மீட்டராகப் பிரித்தால் உண்மை வெளிவரும். முதல் பத்து மீட்டருக்கு 1.89 வினாடி, அதாவது மணிக்கு 19 கிலோமீட்டர். 60-க்கும் 70-க்கும் நடுவே 0.81 வினாடி, மணிக்கு 44-க்கும் மேல். பத்து மீட்டரை ஒரு மீட்டராக, ஒரு சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே போனால் விடை ஓர் எண்ணை நெருங்கி நெருங்கி நிலைகொள்ளும். அந்த எண்தான் கணநேர வேகம். 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்ஸும் வளர்த்தெடுத்த நுண்கணிதம் இந்த யோசனையின் மேல் நிற்கிறது.

ஆனால் நம் நாட்டு வானியலாளர்களுக்கு இந்தச் சிக்கல் முன்பே எதிர்ப்பட்டது. நிலா வானத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 13 பாகை 11 கலை (கலை என்பது பாகையின் உட்பிரிவு) நகர்கிறது. பூமிக்கு அருகில் வரும்போது அது 15 பாகை வரை போகும்; தொலைவில் இருக்கும்போது 12 பாகைக்கும் கீழே இறங்கும். வீட்டு நாள்காட்டியில் திதி முடியும் நேரங்களைப் பாருங்கள். சில திதி ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடியும், சில 26 மணி நேரத்தையும் தாண்டும். நிலாவின் வேகம் மாறுவதே இதற்கு முக்கியக் காரணம். சராசரியை மட்டும் நம்பிக் கிரகணம் குறித்தால் பல மணி நேரம் தவறிவிடும். 1150-ல் பாஸ்கராச்சாரியார் சித்தாந்த சிரோமணியில் ‘தாத்காலிக கதி’ என்று பேசியது அந்தந்த நேரத்து வேகத்தைத்தான்.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் நிலாவின் 248 நாள் இருப்பிடங்களை, எண்களை எழுத்துகளில் பொதிந்த 248 வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். முதல் நாள் வாக்கியம் தரும் நகர்வு 12 பாகை 3 கலை, சராசரியைவிடக் குறைவு. நிலா மெதுவாக ஓடும் நாளிலிருந்து அந்த வரிசை தொடங்குகிறது. சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைக் கொண்டே 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். பேனாவும் தாளும் இல்லாமல் போட்ட கணக்கு அது! எங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்தார் என்பதை என் மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்கிறேன்.

கிரகணம் தவறினால் ஒருவருக்கும் காயமில்லை. சாலையில் அப்படி இல்லை. நகரத்திலிருந்து காலாப்பட்டுக் கல்லூரிகளுக்குப் போக 12 கிலோமீட்டர் என்று வைத்தால், 40-ல் போனால் 18 நிமிடம், 60-ல் போனால் 12 நிமிடம். மிச்சம் ஆறு நிமிடம். அதையும் சிக்னல்கள் தின்றுவிடும். சிக்னலுக்குச் சிக்னல் முறுக்கிக்கொண்டு போகிறவருக்கு ஏறுவது முள் காட்டும் வேகம். சராசரி பெரிதாக ஏறாது.

விபத்துக்குச் சராசரி தெரியாது. மோதும் கணத்து வேகம்தான் அதற்குக் கணக்கு. 40-ல் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி; அதற்குப் பின் காய்ந்த சாலையில் நல்ல பிரேக் வண்டியை நிறுத்த இன்னும் சுமார் 10 மீட்டர். ஆக 21 மீட்டரில் வண்டி நிற்கும். 80-ல் அந்த முதல் வினாடியிலேயே 22 மீட்டர் போய்விடும். குறுக்கே 21 மீட்டரில் ஒரு குழந்தை ஓடிவந்தால், முதல் ஓட்டுநர் நிறுத்திவிடுவார். இரண்டாமவர் பிரேக்கைத் தொடுமுன்பே முழு வேகத்தில் மோதிவிடுவார்.

பிள்ளைக்குப் பைக் வாங்கித் தரும் பெற்றோர் சாவியோடு இந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எப்போது போய்ச் சேருவோம் என்பதைச் சராசரி வேகம் சொல்லும். போய்ச் சேருவோமா என்பது முள் காட்டும் வேகத்தில் இருக்கிறது.