திட நிலைச் சேமிப்புச் சாதனங்களில் வாசிப்பின் விரைவு

கணிப்பொறிகளில் செய்திகளைச் சேமித்து வைப்பதற்கு நெடுங்காலமாகச் சுழலும் காந்தத் தட்டுகளே பயன்பட்டு வந்தன. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஒரு தட்டில், வேண்டிய பகுதி வாசிக்கும் முனைக்கு நேராக வந்து சேர்வதற்கு மட்டும் சராசரியாக 4 மில்லி வினாடிக்குச் சற்று மேலாகும். இன்று பள்ளிகளிலும், கள அலுவலர் எடுத்துச் செல்லும் மடிக்கணினிகளிலும், அத்தட்டுகளின் இடத்தை எஸ்.எஸ்.டி. எனப்படும் திட நிலைச் சேமிப்புச் சாதனம் பெரிதும் பெற்றுவிட்டது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா என்னும் பொறியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1987-இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படையாகும். இதில் சுழலும் உறுப்பு ஏதும் இல்லை. சில கிலோபைட் அளவுள்ள ஒரு ‘பக்கத்தை’ வாசிப்பதற்கு இக்காலச் சில்லுகளில் பெரும்பாலும் நூறு மைக்ரோ வினாடி அளவே ஆகிறது.

எனினும், ஒரே வகைச் சில்லுகளைக் கொண்ட இரு சாதனங்களுள் ஒன்று விரைவாகவும் மற்றொன்று மந்தமாகவும் வாசிப்பதைக் காண்கிறோம். முதலில் விரைவாக இருந்த சாதனமே பின்னர் தளர்வதும் உண்டு. இதன் காரணத்தைச் சில்லுகளில் மட்டும் தேடினால் போதாது. அவற்றை ஆளும் கண்ட்ரோலர் என்னும் கட்டுப்படுத்தியிலும் தேடவேண்டும்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லாவிலுள்ள தேவராஜா மார்க்கெட்டைப் பார்த்தவர்கள், பூவும் காயும் கனியும் குங்குமமும் விற்கும் கடைகள் அங்கு வரிசை வரிசையாக அமைந்திருப்பதை அறிவர். அக்கடைகள் நாள்தோறும் இடம் மாறுவதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று எழுதிய பதிவேடு வாயிலிலேயே இருந்தால்தான் வருபவர் அலையாமல் செல்ல முடியும். ஃபிளாஷ் நினைவகத்தின் நிலையும் இதுவே. எழுதிய பக்கத்தின் மீது மீண்டும் எழுத இயலாது. பல பக்கங்கள் சேர்ந்த தொகுதி முழுவதையும் அழித்த பின்னரே அவ்விடம் மறுபடி பயன்படும். ஆகவே திருத்திய செய்தி வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. புதிய இடம் ஒரு முகவரிப் பட்டியலில் குறிக்கப்படுகிறது. வழக்கமான முறையில், 1 டெராபைட் சாதனத்திற்கு இப்பட்டியலே ஏறத்தாழ 1 கிகாபைட் அளவாகும். அது விரைவான டி-ரேம் நினைவகத்தில் இருந்தால் முகவரி உடனே கிடைக்கும். டி-ரேம் இல்லாத மலிவான சாதனங்களிலோ, பட்டியலைக் காண ஒரு முறையும் செய்தியைக் காண மற்றொரு முறையுமாக ஃபிளாஷை இருமுறை வாசிக்க நேரிடலாம். இக்குறையைத் தணிக்க, கணிப்பொறியின் நினைவகத்திலேயே சிறு பகுதியைக் கடனாகப் பெறும் முறை பின்னர் வகுக்கப்பட்டது.

இரண்டாவது வழி, வேலையைப் பங்கிடுதல். கட்டுப்படுத்தி பல தடங்களின் வழியே பல சில்லுகளை ஒரே சமயத்தில் வாசிக்கிறது. பழைய ஏ.எச்.சி.ஐ. முறையில் ஒரே வரிசையில் 32 கட்டளைகளே நிற்க இயலும். 2011-இல் வெளிவந்த என்.வி.எம்.இ. முறையோ பல்லாயிரம் வரிசைகளுக்கு இடம் தருகிறது. மூன்றாவது வழி, முறை அறிந்து முந்துரிமை தருதல். ஒரு தொகுதியை அழிக்கச் சில மில்லி வினாடிகள் ஆகும். அதற்கிடையே வரும் வாசிப்புக் கட்டளை காத்திராதபடி, அழிக்கும் வேலையை இடையில் நிறுத்தி வாசித்துவிட்டுப் பின் தொடர்வது நல்ல கட்டுப்படுத்திகளின் இயல்பு.

நான்காவது வழியே மிக நுட்பமானது. ஃபிளாஷின் ஒவ்வோர் அறையிலும் செய்தி மின்னேற்றமாகத் தங்குகிறது. ஓர் அறையில் மூன்று பிட்டுகளை வைக்க, எட்டு மின்னழுத்த நிலைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நாளடைவில் மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசிவதால் அந்நிலைகள் இடம் பெயர்கின்றன. பழைய அளவுகோலைக் கொண்டே வாசித்தால் பிழைகள் மிகும். கட்டுப்படுத்தி அளவை மாற்றி மாற்றி மீண்டும் வாசிக்க நேரிடும். ஒவ்வொரு மறுவாசிப்பும் காலத்தை விழுங்கும். எனவே பெயர்வை முன்னரே மதிப்பிட்டுச் சரியான அளவில் முதன்முறையே வாசிப்பது முதல் தேவை. எஞ்சிய பிழைகளைக் களைவதற்கு, ராபர்ட் கேலகர் என்பார் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் கண்ட எல்.டி.பி.சி. என்னும் பிழைதிருத்தக் குறிமுறை இன்று பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது.

இதன் உண்மையைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சாம்சங் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட 840 ஈவோ என்னும் சாதனம் வினாடிக்கு 500 மெகாபைட்டுக்கும் மேலாக வாசிக்க வல்லது. ஆனால் எழுதிச் சில வாரங்களான கோப்புகளை அது மிக மந்தமாக வாசிப்பதை 2014-இல் பயனாளர்கள் கண்டனர். புதிய கோப்புகளில் இக்குறை இல்லை. நிறுவனம் அவ்வாண்டு அக்டோபரில் கட்டுப்படுத்தியின் நிரலைத் திருத்தி வெளியிட்டது. குறை மீண்டும் தலைகாட்டவே, 2015-இல் மற்றொரு திருத்தம் வந்தது. அது பழைய செய்திகளை அவ்வப்போது புதிதாக எழுதிவைக்கும் முறையைச் சேர்த்தது. சில்லு மாறவில்லை, நிரலே மாறியது.

கட்டுப்படுத்தியும் ஒரு சிறு கணிப்பொறியே என்பது இதனால் விளங்கும். ஆதலின் இத்துறை நம் மாணவர்க்கு எட்டாததன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலி, யாவரும் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. அதே தொகுதியைத் தன் சேமிப்புச் சாதனங்களில் பயன்படுத்தப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2017-இல் அறிவித்தது.

ஆசிரியர்களும் கள அலுவலர்களும் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். சாதனத்தை முழுவதும் நிரப்பாமல் ஒரு பகுதியைக் காலியாக விடுக. தயாரிப்பாளர் வெளியிடும் நிரல் திருத்தங்களை, முதலில் நகல் எடுத்துக்கொண்டு, ஏற்றுக. காந்தத் தட்டுகளுக்குச் செய்தது போலக் கோப்புகளை ஒழுங்குபடுத்தி அடுக்குதல் இதற்கு வேண்டுவதில்லை. அது வீண் தேய்மானமே. எல்லாவற்றினும் முக்கியமானது, கணக்கெடுப்பு ஏடுகளையோ மாணவர் மதிப்பெண்களையோ இதில் பதிந்து, மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்கலாகாது என்பதாகும். எழுதும் அளவின் வரம்பை எட்டிய சாதனம், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மின்சாரமின்றி ஓர் ஆண்டு செய்தியைக் காக்கவேண்டும் என்பதே பொதுப் பயனாளர் சாதனங்களுக்குரிய தர விதி. நம் கோடையில் அறையின் வெப்பம் அதனை எளிதில் கடந்துவிடும். எனவே மற்றொரு நகலை வேறிடத்தில் வைத்திருத்தல் இன்றியமையாதது. பழைய கோப்பொன்று வழக்கத்திற்கு மாறாக மெதுவாகத் திறக்குமானால், கட்டுப்படுத்தி அதனை மீண்டும் மீண்டும் வாசிக்க முயல்கிறது என ஐயுற இடமுண்டு. அதனை எச்சரிக்கையாகக் கொண்டு உடனே நகல் எடுப்பதே அறிவுடைமை.