மரத்தரை போட ஆசையா? பெரம்பலூர் வெயிலுக்கு எது செட் ஆகும்?

புது வீடு கட்டும் பலரின் போனில் மரத்தரை போட்டோ ஒன்றாவது சேவ் ஆகியிருக்கும். அவற்றில் பல, குளிர் நாட்டு வீடுகள். அங்கே சில வீடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடும். தரைதான் ஹீட்டர். பெரம்பலூர், அரியலூரில் கதை தலைகீழ். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும் தரைதான் கூலர்.

மரம் என்ன செய்யும்?

மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் ஹீட்டர் தரையில், சூடு மேலே வருவதைத் தாமதப்படுத்தும். நம்ம ஊர் தரைத்தளத்தில், மண்ணின் குளிர்ச்சி காலுக்கு வராமல் தடுக்கும். டைல்ஸ், மொசைக், ரெட் ஆக்சைடு தரையில் கிடைக்கும் சுகம் மரத்தில் கிடைக்காது.

அங்கே எதைத் தேர்வு செய்கிறார்கள்?

சூடான தரைக்கு முழு மரப்பலகையைவிட என்ஜினியர்டு வுட்தான் பாதுகாப்பு. மேலே மெல்லிய நிஜ மரம், கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அடுக்குகள். அதனால் அசைவு குறைவு. தரையின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதே பெரும்பாலான தயாரிப்பாளர்களின் விதி. லண்டன், டொராண்டோவில் வீடு வாங்கும் நம்மவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

நம்ம ஊரில் பிரச்சினை எங்கே?

மரத்தைப் படுத்துவது வெயில் மட்டுமல்ல, மாறும் ஈரப்பதம். கோடையில் காய்ந்து சுருங்கும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழும். வடகிழக்குப் பருவமழையில் ஊறி உப்பும். கூடவே கரையான், தரைத்தளத்தில் ஓதம்.

எதை எங்கே போடலாம்?

- தரைத்தள ஹால், சமையலறை: மர டிசைன் விட்ரிஃபைடு டைல்ஸ். பார்க்க மரம், காலுக்குக் குளிர்ச்சி. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், கரையான் கவலை இல்லை.
- மாடி பெட்ரூம்: மரம்தான் வேண்டும் என்றால் என்ஜினியர்டு வுட். அங்கே மண்ணின் குளிர்ச்சி நேரடியாக வராததால் இழப்பும் குறைவு.
- லேமினேட்: மேலே இருப்பது மரப் படம்தான், உள்ளே அழுத்திய மரத்தூள் பலகை. தண்ணீர் தேங்கினால் ஓரம் உப்பிவிடும்.
- எஸ்பிசி: பிளாஸ்டிக்கான பிவிசியும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்தது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் கல்லும் சுண்ணாம்புக்கல்தான். தண்ணீரைத் தாங்கும். ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியே நேர் வெயில் அடித்தால் விரிந்து தூக்கிக்கொள்ளலாம்.

போடுவதற்கு முன்

புது கான்கிரீட் காய நேரம் கொடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கட்டினால், மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சுவர் ஓரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மூடச் சொல்லுங்கள். மரம் விரிய இடம் வேண்டும். போட்ட பிறகு ஈர மாப்பை நன்றாகப் பிழிந்துதான் துடைக்க வேண்டும்.

மாடி வீட்டில் உண்மையான சூடு வருவது மொட்டை மாடியிலிருந்து. பட்ஜெட் இடித்தால் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸோ வெள்ளை கோட்டிங்கோ போடுங்கள். மரத்தரை பிறகு வரட்டும்.