முகமூடி எதுவரை காக்கும்?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக எண்ணுமாம். இணையத்தில் தம்மை மறைத்து உலாவ முனைவோர் பலரின் நிலையும் இதுவே. தம்மைப் பார்ப்பவரைத் தாம் காணாமையால், பார்ப்பவரே இல்லை என்று அவர்கள் நம்பிவிடுகின்றனர். மறைக்கும் கருவிகள் உண்டு. அவற்றால் பயனும் உண்டு. ஆயினும், எந்தக் கருவி யாரிடமிருந்து மறைக்கிறது, யாருக்குக் காட்டிவிடுகிறது என்பதை அறியாமல் நம்புவோர் துன்புற நேரும்.

இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்பது, கடிதம் எழுதிப் பதில் பெறுவதை ஒத்தது. பதில் வந்து சேர வேண்டுமாயின் அனுப்புவோர் முகவரி வேண்டும். அதற்கென ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. நாடிச் செல்லும் தளம் அவ்வெண்ணைக் காணும். அவ்வெண் எந்தச் சந்தாதாரருக்கு உரியது என்பதை இணைப்பை வழங்கும் நிறுவனம் அறியும்.

உலாவிகளில் உள்ள 'மறைநிலை'ச் சாளரம் இந்த முகவரியை மறைப்பதில்லை. சாளரத்தை மூடியதும், பார்த்த பக்கங்களின் பட்டியலையும் தளங்கள் விட்டுச் சென்ற 'குக்கி' எனும் குறிப்புகளையும் அது கணினியிலிருந்து நீக்கிவிடும். ஆகவே, அதே கணினியைப் பின்னர் பயன்படுத்தும் வீட்டாருக்கு மட்டுமே அது மறைவாகும். மறைநிலையில் இருந்தோரின் விவரங்களையும் திரட்டியதாகக் கூகுள் நிறுவனத்தின்மீது 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2024இல் வெளியான உடன்பாட்டின்படி, நூறு கோடிக் கணக்கிலான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் இசைந்தது.

அடுத்தது வி.பி.என். எனப்படும் கருவி. இது கணினிக்கும் வி.பி.என். நிறுவனத்துக்கும் இடையே சங்கேதத்தால் மூடிய பாதை ஒன்றை அமைக்கிறது. இணைப்பு வழங்குவோர் அப்பாதைக்குள் பார்க்க இயலாது; தளங்களும் வி.பி.என். நிறுவனத்தின் முகவரியையே காணும். ஆனால், யார் எங்கே செல்கிறார் என்பதை அந்நிறுவனம் அறியக்கூடும். ஒரு காவற்காரரிடமிருந்து சாவியை வாங்கி மற்றொருவரிடம் கொடுத்ததற்கு இது நிகர். கட்டணம் வாங்காத நிறுவனம் தன் செலவை எதைக் கொண்டு ஈடு செய்கிறது என்று கேட்டறிவதும் தேவை.

இவற்றினும் வலியது 'டோர்'. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தோன்றிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது இது. வெங்காயத் தோல்போல் உறைக்குள் உறையாகச் செய்தி மூடப்பட்டு, பொதுவாக மூன்று இடைநிலையங்கள் வழியே செல்லும். ஒவ்வொரு நிலையமும் ஓர் உறையை மட்டும் பிரிக்கும். முதல் நிலையம் அனுப்பியவரை அறியும், சேருமிடத்தை அறியாது. கடைசி நிலையம் சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது.

எனினும், கடைசி உறையும் பிரிந்தபின் உள்ளே இருப்பது திறந்த கடிதமானால், அதை அந்நிலையத்தார் படிக்கலாம். 2007இல் சுவீடன் நாட்டுக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இத்தகைய நிலையங்களைத் தாமே நடத்தி, தூதரகங்கள் முதலியவற்றின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைக் கண்டெடுத்து வெளியிட்டார். டோர் தம்மைக் காக்கும் என்று நம்பியவர்கள் தம் செய்தியைத் தனியே பூட்ட மறந்திருந்தனர். இன்று பெரும்பாலான தளங்கள் தாமே சங்கேதத்தைக் கையாளுவதால் இவ்வபாயம் குறைந்துள்ளது, அற்றுப்போகவில்லை. தவிர, பாதையின் இரு முனைகளையும் ஒருங்கே கவனிக்க வல்லவர், செய்தி புறப்பட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணக்கூடும்.

மறைந்திருப்பதே அடையாளமாகிவிடுவதும் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அனுப்பியவர், தேர்வைத் தவிர்க்க விரும்பிய ஒரு மாணவர். அவர் டோரைப் பயன்படுத்தியிருந்தார். ஆனால், டோருக்குள் நுழையப் பல்கலைக்கழகத்தின் இணைப்பையே நாடினார். மிரட்டல் வருவதற்குச் சில மணி நேரம் முன்பு அவர் டோரைப் பயன்படுத்தியது பல்கலைக்கழகப் பதிவுகளில் தெரிந்தது. விசாரித்தபோது அவரே ஒப்புக்கொண்டார். வீதியில் எல்லாரும் முகம் காட்டி நடக்கையில், முகமூடி அணிந்தவன் மேல்தானே கண் விழும்!

முகவரியை மறைத்தாலும் சாயல் மறைவதில்லை. உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, எழுத்துருக்கள் ஆகியவை சேர்ந்து கைரேகைபோல் ஆகின்றன. அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010இல் ஏறத்தாழ 4,70,000 உலாவிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 84 வீதம் தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. இதனாலேயே டோர் உலாவி தன் பயனாளர் அனைவரையும் ஒரே சாயலில் காட்ட முயல்கிறது. அதற்குள் இருந்துகொண்டே சொந்தப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தால், அத்தளத்திடம் அந்த முயற்சியும் வீணே.

கொடுங்கோன்மை நிலவும் நாடுகளில் செய்தி எழுதுவோருக்கும், தம் நோயைப் பற்றித் தனிமையில் அறிய விரும்புவோருக்கும் இக்கருவிகள் உற்ற துணை. குடை மழையைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. அதற்காகக் குடையை யாரும் எறிவதில்லை, வெள்ளத்தில் இறங்குவதுமில்லை. யாரிடமிருந்து, எதனை, எவ்வளவு காலம் மறைக்க வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, பின்னர் கருவியைக் கையில் எடுப்பவரே அதனால் பயனடைவர்.